24 அங்குலத்தைத் தாண்டி நிற்பவர் சுடலாமா?

வணக்கம். உங்கள் ஐந்து பேர் அணியில் மூவருக்குத்தான் எதிரி துப்பாக்கி எட்டும் 24 அங்குலத்துக்குள் இருக்கிறார், மற்ற இருவரும் சுடலாமா என்று கேட்கிறீர்கள். மேசையில் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டான வார்ஹாமர் 40,000-இன் பத்தாம் பதிப்பு விதிகளின்படி அந்த மூவர் மட்டுமே சுடலாம். ஒவ்வொரு பொம்மைக்கும் தனியாகப் பார்க்க வேண்டும்: குறிவைத்த எதிரணியில் ஒருவராவது அதன் துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள்ளும் பார்வையிலும் இருக்க வேண்டும்.

தூரத்தை அளப்பது அடித்தட்டு (பொம்மை நிற்கும் தட்டு) விளிம்பிலிருந்து விளிம்புக்கு, மிக அருகான இரு புள்ளிகளுக்கு இடையே. உங்கள் நண்பர் துப்பாக்கி முனையிலிருந்து அளந்தது தவறு. பார்வை வேறு விஷயம். பொம்மையின் மட்டத்துக்குக் குனிந்து பின்னாலிருந்து பாருங்கள். எதிரியின் தோள் நுனி தெரிந்தாலே போதும்.

சுட்டது பட்டுவிட்டால், அந்த அடி எதிரணியில் சுவருக்குப் பின்னால் நிற்பவருக்கும், தூரத்துக்கு வெளியே நிற்பவருக்கும்கூடப் போகலாம். ஏற்கெனவே காயப்பட்டவர் இருந்தால் அவருக்கே முதலில் போகும். இல்லையென்றால் யாருக்கு என்பதை எதிராளி தீர்மானிப்பார். இதில்தான் பலரும் வீணாகச் சண்டை போடுகிறார்கள்.

இன்னொன்று, பள்ளி ஸ்கேலை விடுங்கள். அது 30 செ.மீ.; 12 அங்குலம் 30.48 செ.மீ. இரண்டு முறை வைத்தால் 24 அங்குலத்தில் ஏறக்குறைய ஒரு செ.மீ. போய்விடும், எல்லையில் நிற்கும் பொம்மைக்கு அதுவே பெரிது. உங்கள் ஊரான டர்பனில் (தென்னாப்பிரிக்கா) ஹார்ட்வேர் கடையில் அங்குலமும் அச்சிட்ட டேப்பாகப் பார்த்து வாங்குங்கள். எப்போது வேண்டுமானாலும் அளக்க விதியில் இடமுண்டு, அதனால் இலக்கைச் சொல்லும் முன்பே அளந்துவிடுங்கள்.