தம்பிக்குப் பரிசாக ஒரு க்யூ: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: என் தம்பி கோவையில் வேலை பார்க்கிறான். ஆபீஸ் முடிந்ததும் நண்பர்களோடு பூல் பார்லருக்கு எய்ட்-பால் (மேஜைமேல் பந்துகளைக் குச்சியால் அடித்துக் குழியில் தள்ளும் ஆட்டம்) ஆடப் போய்விடுவான், இரண்டு வருடமாகவே இப்படித்தான். அங்கே கிடக்கிற பொது ஸ்டிக்கை (அதைத்தான் க்யூ என்கிறான்) வைத்துத்தான் ஆடுகிறான், சொந்தமாக ஒன்று வாங்கணும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான், வாங்கியபாடில்லை. பிறந்தநாளுக்கு நானே வாங்கித் தரலாம் என்று பார்த்தால், இரண்டாயிரத்துக்கும் இருக்கிறது, இருபதாயிரத்துக்கும் இருக்கிறது, என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. ஆறாயிரம் வரை தர முடியும். நல்லதாகக் கிடைக்குமா?
- வாசகி, ஈரோடு

பதில்: கிடைக்கும். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். தம்பி ஆடுவது எய்ட்-பால் மட்டும்தானா, இன்னும் சிறிய பந்துகளால் ஆடும் ஸ்னூக்கரும் உண்டா? ஸ்னூக்கர் பிறந்ததே 1875இல் ஜபல்பூரில், அதற்கு விதிகள் எழுதி மாட்டியது ஊட்டி கிளப்பில். அதனால் நம் ஊர்ப் பழைய கிளப்புகளில் இன்றைக்கும் ஸ்னூக்கருக்குத்தான் முதல் மரியாதை, கடையில் 'க்யூ வேணும்' என்று பொதுவாகக் கேட்டால் ஸ்னூக்கர் க்யூவை எடுத்து நீட்டிவிடுவார்கள். அதன் முனை 9, 10 மில்லிமீட்டர்தான். எய்ட்-பால் பந்து பெரியது, 57 மில்லிமீட்டர், கனமும் அதிகம். அதை அந்த மெல்லிய முனையால் ஓங்கி பிரேக் (அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி) அடித்துக்கொண்டே இருந்தால் முனை சீக்கிரம் கெடும். எய்ட்-பாலுக்கு 12.5 அல்லது 13 மில்லிமீட்டர் முனை, 57 அல்லது 58 அங்குல நீளம், நடுவில் திருகிக் கழற்றுகிற இரண்டு துண்டு க்யூ. இதைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது எடை. இதைத் தம்பிக்குத் தெரியாமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பார்லரில் இருக்கும் பொது ஸ்டிக்குகளின் பின்பக்கத்தில் பெரும்பாலும் 18, 19, 20, 21 என்று ஓர் எண் இருக்கும், அது அவுன்ஸ் கணக்கு. அவனுடைய நண்பர் யாரிடமாவது, இல்லையென்றால் அங்கே மேஜை பார்த்துக்கொள்ளும் மார்க்கரிடம் கேட்டால், அவன் வழக்கமாக எந்த எண்ணை எடுக்கிறான் என்று சொல்லிவிடுவார்கள். விசாரிக்க வழியே இல்லையா, 19 அவுன்ஸ் வாங்குங்கள், அதாவது சுமார் 540 கிராம், பெரும்பாலானவர்கள் கைக்கு ஒத்துவரும். நிறைய க்யூக்களில் அடியில் இருக்கும் ரப்பரைக் கழற்றினால் உள்ளே எடைக்காக ஒரு போல்ட் இருக்கும், பிறகு அதை மாற்றி ஒன்றிரண்டு அவுன்ஸ் கூட்டலாம், குறைக்கலாம். ஆகவே எடை கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பரிசு வீணாகாது.

இனிதான் முக்கியமான விஷயம். உங்கள் ஆறாயிரத்தில் பெரும்பகுதி க்யூவின் முன்பாதிக்கு, அதாவது ஷாஃப்டுக்கும் அதன் நுனியில் இருக்கிற டிப்புக்கும் போக வேண்டும். பின்பாதியில் இருக்கும் நாகம், டிராகன், நெருப்பு, முத்துச்சிப்பி வேலைப்பாடு எதுவும் பந்தைத் தொடுவதில்லை. இந்த விலையில் அவை பெரும்பாலும் அச்சிட்டு ஒட்டிய படங்கள்தான், மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள். அழகாக இருந்தால் நல்லதுதான், ஆனால் அதற்காக ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தராதீர்கள். ஷாஃப்ட் மேப்பிள் மரமா என்று கேளுங்கள், 'ஹார்டு மேப்பிள்' என்று சொன்னால் சந்தோஷம். வெறுமனே 'ஹார்டுவுட்' என்று மட்டும் போட்டிருந்தால் என்ன மரம் என்று விடாமல் கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் அடுத்ததைப் பாருங்கள். மரத்தின் ரேகைகள் நுனி வரைக்கும் நேராக ஓட வேண்டும், குறுக்கே சாய்ந்து வெளியேறும் ரேகை இருந்தால் அந்த மரம் நாளடைவில் வளைய வாய்ப்பு அதிகம்.

நேராக இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு துண்டையும் தனித்தனியாகக் கழற்றி மேஜைமேல் உருட்டுங்கள். கண்ணை மேஜை மட்டத்துக்குத் தாழ்த்தி, மரத்துக்கும் மேஜைக்கும் நடுவில் தெரிகிற வெளிச்சக் கோட்டைப் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் நுனியை நோக்கி மெலிந்து போவதால் கோடு ஒரு பக்கம் அகலமாகத்தான் இருக்கும், அது தப்பில்லை. உருளும்போது அந்தக் கோடு விரிந்து விரிந்து சுருங்கினால்தான் வளைவு இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் இரண்டையும் திருகி மாட்டி, சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். இடைவெளி இருக்கக் கூடாது, ஆட்டிப் பார்த்தால் 'கடகட' சத்தமும் வரக் கூடாது. ஆன்லைனில் வாங்கினால், 'பிறந்தநாள் அன்றைக்குப் பிரிக்கலாம்' என்று பெட்டியை அப்படியே வைத்துவிடாதீர்கள். வந்த அன்றே பிரித்து உருட்டிப் பார்த்துவிட்டு, சரியில்லை என்றால் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

டிப் தோல்தானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பந்தைத் தொடுவது அது ஒன்றுதான். க்யூவின் நுனியில் தோல் ஒட்டுகிற யோசனையைக் கொண்டுவந்தவர் மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது அது, அதற்குப் பிறகுதான் பந்தைச் சுழற்றி ஆடும் வித்தையே வளர்ந்தது. ஆகவே பசை வைத்து ஒட்டிய தோல் டிப்பாக இருக்கட்டும். திருகி மாட்டும் டிப் மலிவு ஸ்டிக்கில்தான் வரும், அது நாளாக ஆக லூஸாகும், வேண்டவே வேண்டாம். சாஃப்ட், மீடியம், ஹார்டு என்று கேட்டால் மீடியம் சொல்லுங்கள். டிப் பிடிக்காவிட்டால் தெரிந்தவரிடம் கொடுத்துக் குறைந்த செலவில் மாற்றிக்கொள்ளலாம், வளைந்த ஷாஃப்டை அப்படி மாற்ற முடியாது. அதனால்தான் மரத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

கைப்பிடியில் ஐரிஷ் லினன் நூல் சுற்றியதும் உண்டு, எதுவும் சுற்றாததும் உண்டு. வியர்க்கிற கையென்றால் லினன் நல்லது.

ஆறாயிரத்தையும் க்யூவுக்கே கொடுத்துவிடாமல் ஓர் ஆயிரத்தைக் கேஸுக்கு ஒதுக்குங்கள். கேஸ் இல்லாத க்யூ சுவரில் சாய்ந்து நிற்கும், வெயிலில் காருக்குள் கிடக்கும், இரண்டுமே மரத்துக்கு ஆகாது. மிச்சம் இருந்தால் டிப்பில் தேய்க்க இரண்டு சாக் கட்டி, டிப்பைச் சொரசொரப்பாக்கும் சின்னக் கருவி ஒன்று.

கேள்வி: கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் இருந்தால்தான் ஆட்டம் முன்னேறும் என்கிறார்கள். மலிவான கார்பன் வாங்கலாமா, நல்ல மரம் வாங்கலாமா?
- வாசகர், சென்னை

பதில்: நல்ல மரம். க்யூவால் அடிக்கிற வெள்ளைப் பந்தின் ஓரத்தில் அடித்துச் சைடு கொடுக்கும்போது, அதாவது அதைச் சுழல வைக்கும்போது, பந்து நாம் குறிவைத்த கோட்டிலிருந்து எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் விலகிப் போகும். ஷாஃப்டின் நுனி எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த விலகல் குறையும். பிரிடேட்டர் நிறுவனத்தின் ரெவோ ஷாஃப்ட் 2016இல் வந்த பிறகு கார்பன் மேல் எல்லோருக்கும் ஆசை வந்தது இதனால்தான், தவிர கார்பன் ஈரத்துக்கு வளையாது, துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும், சென்னை மாதிரி ஊருக்கு அது பெரிய வசதிதான். ஆனால் பெயர் பெற்ற கார்பன் ஷாஃப்ட் ஒன்றின் விலையில் நல்ல மேப்பிள் க்யூக்கள் பல வாங்கலாம். மலிவு விலையில் வருவதன் நுனி உண்மையில் லேசாக இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, கறுப்பாக இருப்பதாலேயே விலகல் குறைந்துவிடாது. தினமும் ஒரே க்யூவில் ஆடினால் அதன் விலகல் எவ்வளவு என்று கைக்குப் பழகிவிடும், இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது அந்தப் பழக்கம்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகளுக்குப் பெரியவர்கள் க்யூ சரிப்படுமா?
- வாசகி, மதுரை

பதில்: அவள் குனிந்து நின்று, க்யூவின் முன்பாதியைத் தாங்கும் கையை மேஜையில் ஊன்றி, அடிக்கிற நிலையில் இருக்கும்போது பக்கத்திலிருந்து பாருங்கள். டிப் வெள்ளைப் பந்தைத் தொடும் நேரத்தில் க்யூவைப் பின்னால் பிடிக்கும் கையின் முழங்கையிலிருந்து கீழே தொங்கும் பகுதி ஏறக்குறைய செங்குத்தாக இருக்க வேண்டும். அந்த நிலையில் அவள் பிடிக்கிற இடத்துக்குப் பின்னால் க்யூ ரொம்ப நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால் 52 அங்குலத்தில் ஒன்று பாருங்கள், 48இலும் கிடைக்கும். உங்கள் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள் என்றால் முழு நீளமே வாங்கிவிடலாம், எடை மட்டும் 18 அவுன்ஸுக்கு மேல் போக வேண்டாம்.