வாசகர் கேள்வி – பதில்: மின்சார சபை கம்பனியானால் தனியாருக்குப் போய்விட்டதா?

கேள்வி: மின்சார சபையைக் கம்பனிகளாகப் பிரிக்கிறார்கள். இது தனியாருக்கு விற்பதற்கான வழிதானே? இனி பில்லும் கூடுமா?
– கோண்டாவில் வாசகர்

பதில்: கம்பனி என்றாலே தனியார் என்றில்லை. நீர்கொழும்பு முதல் காலி வரை கரையோரத்தில் மின்சாரம் பகிரும் லெக்கோ 1983 முதல் கம்பனிதான். அதன் பங்குகளோ மின்சார சபை, திறைசேரி போன்ற அரச அமைப்புகளிடம். 1969 இல் தொடங்கிய சபையைப் பிரிப்பதற்கு 2024 இன் 36 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பிரிந்து வரும் கம்பனிகள் முழுமையாக அரசுக்கே சொந்தம் என்று 2025 இல் திருத்தினார்கள். அதனால் இப்போதைக்கு விற்பனை இல்லை. சட்டத்தை மறுபடி திருத்த நாளைக்கும் நாடாளுமன்றம் இருக்கும் என்பது வேறு விடயம்.

தனியார் முன்பே நுழைந்துவிட்ட இடம் மின் உற்பத்தி. சுன்னாகத்தில் தனியார் நிலையம் சபைக்கு மின் விற்றது. கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த வழக்கில் அந்த நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்காணிக்க வேண்டிய அரச அமைப்புகளும் அதே தீர்ப்பில் குட்டு வாங்கின. உரிமையாளர் யார் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கிணறு தப்பாது.

உண்மையில் கவனிக்க வேண்டியது கம்பிகளை. ஒரு ஒழுங்கையில் இரண்டு கம்பனி இரண்டு வரிசை மின்கம்பம் நடாது. அங்கே போட்டிக்கு வழியில்லை. நெடுந்தீவு போன்ற தீவுகளுக்கு டீசலில் மின் கொடுக்கும் செலவு மிக அதிகம், ஆனால் கட்டணம் நாடு முழுவதும் ஒன்றுதான். பகிர்மானம் என்றைக்காவது தனியார் கைக்குப் போனால், அந்தச் செலவை யார் சுமப்பது என்பது அனுமதிப்பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பில்லைப் பொறுத்தவரை, கட்டண மாற்றத்துக்கு அனுமதி கொடுப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. கூடுவதும் குறைவதும் எரிபொருள் செலவையும் மழையையும் பார்த்தே பெரும்பாலும் நடக்கும்.

கேள்வி: இந்த மாதம் 63 அலகுதான். பில் ஏன் இப்படிப் பாய்ந்தது?
– சங்கானை வாசகர்

பதில்: மாதம் 60 அலகைத் தாண்டினால் மேலதிக 3 அலகுக்கு மட்டுமல்ல, முதல் 60 அலகுக்கும் கூடிய விலை, நிலைக் கட்டணமும் ஏறும். ஆனால் அந்த 60 என்பது 30 நாளுக்கானது. முந்தைய வாசிப்புத் திகதியிலிருந்து நாட்களை எண்ணி 2 ஆல் பெருக்குங்கள். 33 நாளென்றால் எல்லை 66. நீங்கள் உள்ளேதான் நிற்கிறீர்கள். அப்படியும் கூடிய விலை போட்டிருந்தால் மின்மானியைத் திகதியோடு படமெடுத்து, கணக்கிலக்கத்துடன் பிரதேச அலுவலகத்தில் எழுத்தில் முறையிட்டுப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் ஆணைக்குழுவுக்குப் போக அந்தப் பிரதி கட்டாயம் உதவும்.