டெராஹெர்ட்ஸ் அலையை ட்ரான்சிஸ்டர் எப்படிப் பிடிக்கிறது?

கேள்வி: ஒளியை போன் கேமரா பிடிக்கிறது, ரேடியோ அலையை ஆன்டெனா பிடிக்கிறது. நடுவில் இருக்கும் டெராஹெர்ட்ஸுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு? நானோ ட்ரான்சிஸ்டர் போதும் என்கிறார்களே?

பதில்: நடுவில் மாட்டிக்கொண்டதுதான் சிக்கலே. கேமரா சிப்பின் சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானைக் கிளப்ப ஃபோட்டானிடம், அதாவது ஒளித்துகளிடம், 1.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலாவது இருக்க வேண்டும். 1 டெராஹெர்ட்ஸ் ஃபோட்டானிடம் இருப்பதோ 4 மில்லி எலக்ட்ரான் வோல்ட் சொச்சம். அறையின் வெப்பமே எலக்ட்ரான்களை 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு உலுக்கிக்கொண்டிருக்கும்போது இது எங்கே தெரியப்போகிறது? அதனால்தான் 2009ல் ஏவிய ஹெர்ஷல் விண்தொலைநோக்கி கருவிகளைக் குளிர்விக்க 2,000 லிட்டருக்கு மேல் திரவ ஹீலியத்தைச் சுமந்துகொண்டு போனது. 2013 ஏப்ரலில் ஹீலியம் தீர்ந்தது, அதன் வேலையும் முடிந்தது.

ஆன்டெனா வழியாகப் போகலாம் என்றால், வினாடிக்கு லட்சம் கோடி முறை துடிக்கும் அலையைப் பெருக்கித் தர சாதாரண ட்ரான்சிஸ்டருக்கு வேகம் போதாது. பெருக்க வேண்டாமே, டிசி (ஒரே திசை மின்சாரம்) ஆக்கினால் போதுமே என்று 1990களில் வழி சொன்னவர்கள் இயற்பியலாளர்கள் டியாகோனோவும் ஷுரும். ட்ரான்சிஸ்டரின் சேனலில், அதாவது மின்சாரம் ஓடும் பாதையில், உள்ள எலக்ட்ரான் கூட்டம் ஆழமில்லாத தண்ணீர் மாதிரி நடந்துகொள்கிறது, அதில் எழும் அலை தனி எலக்ட்ரானைவிட வேகமாக ஓடும் என்பது அவர்கள் கணக்கு. ஆன்டெனாவில் விழுவதை, ட்ரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் ‘கேட்’ முனைக்கும் எலக்ட்ரான் நுழையும் ‘சோர்ஸ்’ முனைக்கும் நடுவே கொடுத்தால் எலக்ட்ரான்களின் அடர்த்தி, வேகம் இரண்டும் சேர்ந்து ஆடும். அடர்த்தி கூடும்போது ஒரு பக்கம் போகின்றன, குறையும்போது திரும்புகின்றன. போனது அதிகம், வந்தது குறைவு, அந்த மிச்சம் மறுகோடியில் உள்ள ‘ட்ரெய்ன்’ முனையில் ஒரு குட்டி வோல்டேஜாகத் தேங்குகிறது. அதை அளக்க வேண்டியதுதான். சிலிக்கானில், அறை வெப்பத்தில், அலை சில பத்து நானோமீட்டருக்குள் அடங்கிவிடும் என்பதால் அதற்கு மேல் சேனல் நீளமாக இருந்தால் வெறும் தடைதான் மிச்சம். நானோ அளவு அவசியமாவது இங்கேதான்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. ஜெர்மனியின் வுப்பர்டால் பல்கலைக்கழகக் குழு 2012ல் 65 நானோமீட்டர் சிமாஸ் (வழக்கமான கம்ப்யூட்டர் சிப் தொழில்நுட்பம்) சிப்பிலேயே 32க்கு 32, அதாவது 1,024 பிக்சல் கேமரா செய்து காட்டியது, குளிரூட்டல் கிடையாது. ஆனால் பொருளின் மேல் டெராஹெர்ட்ஸ் அடிக்கத் தனியாக ஒரு மூலம் வேண்டும், இயற்கையாக வரும் மங்கல் அலையைப் பார்க்கும் கூர்மை இதற்கு இல்லை. வானியல்காரர்கள் ஹீலியத்தை விடாததற்கு அதுதான் காரணம்.

கேள்வி: ஏர்போர்ட்டில் கையைத் தூக்கி நிற்கச் சொல்லும் ஸ்கேனர் இதுதானா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பரவலாக இருப்பவை 24 முதல் 30 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் மில்லிமீட்டர் அலை ஸ்கேனர்கள். டெராஹெர்ட்ஸ் என்று சொல்வது சும்மா பெயருக்கு.