மீனின் மரபணு நகல்கள்: கேள்வி பதில்

பினாங்கில் மீன் வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதி, மருந்து பற்றியவை. அவற்றுக்குச் சேர்த்து ஒரே பதில்: கடைக்காரர் சொன்னார் என்று ஆன்டிபயாட்டிக் பொடியைத் தொட்டியில் கொட்டாதீர்கள். மற்றவை கீழே.

பாயான் பாரு: நம்மைவிட மீனுக்கு மரபணு நகல்கள் அதிகமாமே, எப்படி?

முதுகெலும்பிகளின் மூதாதையரிடம் மொத்த மரபணுத்தொகுதியும் இரண்டு முறை இரட்டித்தது. அது நமக்கும் மீனுக்கும் பொது. அப்புறம் டெலியோஸ்ட் மீன்களின் (இன்றைய மீன்களில் பெரும்பாலானவை இந்த வகை) மூதாதையரிடம் மட்டும் மூன்றாவது முறை, 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். சால்மன் குடும்பத்தில் நான்காவது முறையும் உண்டு. ஒரு நகல் பழைய வேலையைப் பார்க்க, இன்னொன்று மாறிப் புது வேலை பழகலாம் என்று 1970இல் மரபியலாளர் சுசுமு ஓனோ எழுதினார். நடப்பில் பெரும்பாலான நகல்கள் பழுதாகி மறைந்துவிடுகின்றன. அதனால்தான் வரிக்குதிரை மீனுக்குச் சுமார் 26,000 மரபணுக்கள். நமக்குச் சுமார் 20,000. இரு மடங்கு இல்லை, பாருங்கள்.

நோய் எதிர்ப்பு மரபணுக்களின் கதை கொஞ்சம் வேறு. அவை தனித்தனியாக, பக்கத்துப் பக்கத்திலேயே நகலாகிப் பெருகும். கிருமியை உணரும் என்.எல்.ஆர். மரபணுக்கள் நம்மிடம் இருபது சொச்சம். வரிக்குதிரை மீனில் நூற்றுக்கணக்கில். பெரும்பகுதி 4ஆம் குரோமோசோமின் ஒரே கையில்.

ஜோர்ஜ்டவுன்: என் அரோவானாவுக்கும் அந்த மூன்றாவது இரட்டிப்பு உண்டா?

உண்டு. டெலியோஸ்ட்களில் மிகப் பழைய கிளைகளில் ஒன்று அது.

நிபோங் திபால்: சியாக்காப் (கொடுவா மீன்) குஞ்சுகள் சுழன்று சுழன்று சாகின்றன. நகல் குறைவோ?

ஐயா, இது மரபணுக் கேள்வி இல்லை. நரம்பைத் தாக்கும் நோடா வைரஸாக இருக்கலாம். குஞ்சுகளை இன்றே மீன்வளத் துறை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது.

பட்டர்வொர்த்: நகல் அதிகமென்றால் எதிர்ப்புச் சக்தியும் அதிகம்தானே?

இல்லை. கோய் மீனின் மூதாதை இரண்டு இனங்கள் கலந்து உருவானது. குரோமோசோம்கள் ஏறக்குறைய 100. அப்படியும் கோய் ஹெர்பெஸ் வைரஸ் குளத்தையே காலி செய்துவிடும்.

புக்கிட் மெர்தாஜாம்: அட்லாண்டிக் காட் மீனுக்கு எம்.எச்.சி. 2 கிடையாது என்கிறார்கள். கிருமியின் துண்டை வெள்ளணுவுக்குக் காட்டும் புரதம் இல்லாமல் எப்படி வாழும்? மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்தும்போது விட்டிருப்பார்கள்.

நல்ல சந்தேகம். ஒரு மரபணு மட்டும் காணோம் என்றால் நானும் அப்படித்தான் சொல்வேன். 2011இல் வெளியான ஆய்வில் அதன் கூட்டாளிகளும் போயிருந்தன: எம்.எச்.சி. 2 காட்டுவதை வெள்ளணு உணர உதவும் சி.டி.4, சிதைந்த மிச்சமாக மட்டும் கிடந்தது. பிறகு காட் வரிசையின் மற்ற மீன்களைப் பார்த்தபோதும் அதே இழப்பு. எல்லா இனத்திலும் ஒரே இடத்தில் கைதவறுமா?

மறுபடி அவரே: அப்படியானால் காட் மீனில், அதே போலத் துண்டுகளைக் காட்டும் உறவுப் புரதமான எம்.எச்.சி. 1 நூறு நகல் வரை பெருகியது இந்த இழப்பை ஈடுகட்டத்தானே?

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அவ்வளவு சுலபமில்லை. எம்.எச்.சி. 2ஐ இழக்காத வேறு சில மீன் குலங்களிலும் எம்.எச்.சி. 1 தனியாகப் பெருகியிருக்கிறது. ஈடுகட்டத்தான் பெருகியது என்றால் அவற்றுக்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

மறுபடி அவரே: விதிவிலக்குகள் இருக்கலாமே?

இருக்கலாம். ஆனால் ஆழ்கடல் தூண்டில் மீனையும் பாருங்கள். சில இனங்களில் ஆண், பெண்ணின் உடலோடு ஒட்டி ரத்தநாளம் வரை இணைந்துவிடுகிறது. அவற்றில் ஆன்டிபாடி உருவாக்கத் தேவையான மரபணுக்களே சில செத்துக் கிடக்கின்றன. 2020இல் வந்த ஆய்வு இது. அந்நியத் திசுவை எதிர்க்கும் படை இருந்தால் இந்தக் கல்யாணமே நடக்காது. இங்கே இழப்புக்கே ஒரு பயன் இருக்கிறது.

தாசேக் குளுகோர்: எந்த மீனுக்கு நகல் அதிகம்? அதை வளர்த்தால் நோய் வராதா?

பட்டர்வொர்த் நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆயர் ஈத்தாம்: திலாப்பியாவுக்கு நகல் எத்தனை? நோய் தாங்குமா?

பட்டர்வொர்த்.