கொடி வாடினால் தூரைப் பாருங்கள்

கேள்வி: வாசலில் 12 ஆண்டுகளாகப் படரும் முல்லைக் கொடி. உச்சியில் மட்டும் பச்சை, கீழே வெறும் கம்பு. பூவும் குறைந்துவிட்டது. பிடுங்கிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். தூரிலிருந்து, அதாவது மண்ணையொட்டிய அடித்தண்டிலிருந்து, ஒரு முழம் மேலே தண்டை நகத்தால் இலேசாகக் கீறுங்கள். தோலுக்கடியில் ஈரப்பச்சை தெரிந்தால் கொடி பிழைத்துக்கொள்ளும்.

முல்லை புதுத் தளிரில்தான் பூக்கும். கவாத்து செய்யாத, அதாவது வேண்டாத கம்புகளை வெட்டிவிடாத, பந்தலில் பழைய கம்புதான் இடத்தை அடைத்துக் கிடக்கும். ஜனவரி கடைசி வாரத்தில், காய்ந்தவற்றை அடியோடு எடுத்துவிட்டு, முதிர்ந்த கம்புகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டுங்கள். மீதியை அடுத்த இரண்டு ஜனவரிகளில் வெட்டலாம். வெட்டியதும் 10 கிலோ மட்கிய தொழு உரம் இட்டு நீர் பாய்ச்சுங்கள்.

இன்னொன்று. வாசலுக்குச் சிமென்ட் பூசியபோது தூரைச் சுற்றி மண்ணே தெரியாமல் மூடிவிட்டார்களா? பல வீடுகளில் நான் கண்ட காரணம் இதுதான். இரண்டடி வட்டத்துக்காவது உடைத்துவிடுங்கள், வேர் மூச்சு விடட்டும்.

கேள்வி: பிச்சிக் கொடியின் இளம் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது.

இரும்புச் சத்துக் குறைவு. அன்னபேதி உப்பை (பெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, பச்சை திரும்பும் வரை மாதம் ஒருமுறை மாலையில் தெளியுங்கள். தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள்.

கேள்வி: கூடலூரில் எங்கள் மிளகுக் கொடிகள் மழை ஓய்ந்ததும் மஞ்சளாகின்றன; ஜூனில் தேறுகின்றன. ஆனால் ஆண்டுக்காண்டு மெலிகின்றன.

தேறுவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இது மெதுவாடல் என்ற வேர்நோய்போல் தெரிகிறது. மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழுவும் பூசணமும் வேரைத் தின்கின்றன. மழையில் புதுவேர் விடுவதால் கொடி நிமிர்கிறது, ஈரம் குறைந்ததும் மீண்டும் துவள்கிறது. ஓரமாக மண்ணை விலக்கி ஒரு வேரை எடுத்துப் பாருங்கள். நுனி கறுத்து, சிறு முடிச்சுகள் இருந்தால் ஐயமே இல்லை. மழைக்கு முன் கொடிக்கு ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்குடன் 50 கிராம் டிரைக்கோடெர்மா (நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணம்) கலந்து இடுங்கள். தூரைக் கொத்திக் கிளறாதீர்கள். வேர்க்காயம் நோய்க்கு வாசல்.

மழைக்காலத்திலேயே இலையில் கரும்புள்ளி விழுந்து, தூர் அழுகி, சில வாரங்களில் கொடி சாய்ந்தால் அது வேறு நோய், விரைவாடல். அந்தக் கொடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். அதிலிருந்து பதியன் எடுக்கவே கூடாது. பக்கத்துக் கொடிகளின் தூரில் 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூசணக்கொல்லி) ஊற்றுங்கள். ஆனால் டிரைக்கோடெர்மா இட்ட கையோடு ஊற்றினால் அந்த நன்மைப் பூசணமும் செத்துவிடும், சில வாரம் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: கொடிக்காலில் வெற்றிலை சிறுத்துவிட்டது.

கொடி தான் படரும் அகத்தி மரத்தின் உச்சிக்குப் போயிருக்கும். இறக்கி, இலையற்ற அடித்தண்டைச் சுருட்டி மண்ணில் புதைத்து, நுனியை மட்டும் மறுபடி ஏற்றிக் கட்டுங்கள். புதைந்த கணுக்கள் வேர்விடும்.