பாக் விரிகுடாவில் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து மீன்வளத்தைக் காக்க முடியுமா?

முடியும். ஆனால் பேச்சை எல்லைக்கோட்டில் தொடங்கினால் நகராது. தமிழக விசைப்படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் பை போன்ற வலையான இழுவைமடியில் தொடங்க வேண்டும். அந்த மடி கடல்தரையை வழித்துக்கொண்டு போகிறது. இறாலோடு குஞ்சு மீன், நண்டு, கடற்புல் எல்லாம் ஏறிவிடும். எதிர்க்கரையில் இலங்கை மீனவர் மாலையில் விரித்துவிட்டுப்போன வலையும் சில நேரம் அறுந்துபோகும். போரில் எல்லாம் இழந்து, கடன் வாங்கித் தொழிலுக்குத் திரும்பியவர்கள் அங்கே நிறைய. அவர்களுக்கு ஒரு வலை பெரிய முதல்.

2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. அதே ஆண்டு இந்தியா, இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்ற மானியத் திட்டம் கொண்டுவந்தது. திசை சரிதான். ஆனால் போன மறுநாளே கரை திரும்பிப் பழகியவர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்க வேண்டுமே! பயிற்சியும் கடன் அடைக்க அவகாசமும் இல்லாமல் அது நடக்காது.

தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. விரிகுடா முழுதுக்கும் பொதுவான கணக்கெடுப்பை இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தி, அதை வைத்து இரு கரைக்கும் இதுபோன்ற விதி வகுக்கலாம். அந்த மேசையில் ராமேஸ்வரம், யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் அவசியம் உட்கார வேண்டும்.