மேக் ஓஎஸ் மேம்படுத்திய பிறகு தானியக்க மென்பொருள் ஏன் வேலை செய்வதில்லை?

மென்பொருள் திறக்கிறது, பிழைச்செய்தியும் இல்லை, ஆனால் தானாக விசை அழுத்துவதும் சாளரங்களை நகர்த்துவதும் நின்றுவிட்டன என்கிறீர்கள். பெரும்பாலும் மென்பொருள் கெட்டிருக்காது, அனுமதிதான் போயிருக்கும்.

2018-இல் வந்த மொஹாவே என்ற மேக் ஓஎஸ் பதிப்பு முதல், ஒரு செயலி இன்னொன்றை இயக்க உங்கள் ஒப்புதல் வேண்டும். சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் போய் அக்செசிபிலிட்டி, ஆட்டோமேஷன் இரண்டையும் பாருங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்: ஸ்விட்ச் ஆனில் இருப்பதாகவே காட்டும், ஆனால் அந்த அனுமதி செயலியின் பழைய பதிப்போடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அக்செசிபிலிட்டியில் ஸ்விட்சை அணைத்துப் போட்டால் மட்டும் போதாது. கழித்தல் குறியை அழுத்திப் பட்டியலிலிருந்தே நீக்குங்கள், மறுபடி அதில் சேர்த்துவிடுங்கள், அப்புறம் மென்பொருளை முழுதாக மூடித் திறவுங்கள். நான் எப்போதும் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான்.

அதற்கும் அசையாவிட்டால் மென்பொருளின் வயதைப் பாருங்கள். 2019-இன் கேட்டலினா முதல் 32-பிட் எனப்படும் பழைய வகைச் செயலிகள் திறக்கவே திறக்காது. உங்கள் ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்) பைதான் நிரல்மொழியின் பழைய பதிப்பான பைதான் 2-ஐ நம்பியிருந்தால், மான்டரே 12.3-இல் ஆப்பிள் அதை நீக்கிவிட்டது. பைதான் 3-க்கு மாற்றி எழுதுவதே நல்லது.

அடுத்த முறை மேம்படுத்துமுன், தயாரிப்பாளர் புதிய பதிப்புக்கு ஆதரவு அறிவித்துவிட்டாரா என்று பார்த்துவிட்டு, மேக்கின் காப்புநகல் வசதியான டைம் மெஷினில் ஒரு நகல் எடுத்துவைத்துவிடுங்கள்.